சிவப்பு, மஞ்சள் மண்ணில் விவசாயம்: குழி வெட்டிப் பார்ப்பதிலிருந்து அறுவடை வரை

"செம்மண் பூமிங்க, எது போட்டாலும் வரும்" என்பார் நிலத்தை விற்க வந்தவர். "செவக்காடு, என்ன கொட்டினாலும் காணாது" என்பார் பக்கத்துக் காட்டுக்காரர். பேசுவது ஒரே நிலத்தைப் பற்றித்தான். இரண்டு பேர் சொல்வதிலும் பாதி உண்மை உண்டு. நிறத்தை மட்டும் பார்த்துச் செம்மண்ணை எடை போட முடியாது. மண் எவ்வளவு ஆழம், எவ்வளவு நயம் (மணலும் வண்டலும் களிமண்ணும் கலந்திருக்கும் விகிதம்), அடியில் என்ன கிடக்கிறது என்ற மூன்றும்தான் அதன் தரத்தை முடிவு செய்கின்றன.

இந்த மண்ணில் சத்து குறைவு என்று எல்லோரும் சொல்வார்கள். சரிதான். ஆனால் அதைவிடப் பெரிய குறை, பிடிமானம் இல்லாதது. தண்ணீர் விட்டால் இறக்கிவிடும், யூரியா போட்டால் கரைத்து விட்டுவிடும், சாணம் கொட்டினால் வெயிலில் சீக்கிரம் எரித்துவிடும். ஆகவே கீழே வரும் படிகள் எல்லாம் இரண்டு வேலைகளுக்குள் அடங்கும். ஒன்று, மண்ணின் பிடிமானத்தைக் கூட்டுவது. மற்றொன்று, அது கூடும்வரை தண்ணீரையும் உரத்தையும் சிறுகச் சிறுகக் கொடுப்பது.

சிவப்பும் மஞ்சளும் எங்கிருந்து வந்தன

தக்காணப் பீடபூமியின் தெற்கிலும் கிழக்கிலும் தரைக்கு அடியில் இருப்பவை பெரும்பாலும் கிரானைட், நைஸ் போன்ற மிகப் பழைய படிகப் பாறைகள். மழை குறைவான இந்தப் பகுதியில் அவை காலப்போக்கில் நொறுங்கி உண்டானதுதான் செம்மண். பாறையில் இருந்த குவார்ட்ஸ் மணலாக மிஞ்சியது. ஃபெல்ஸ்பார் என்ற கனிமம் களியாக, அதாவது நுண்ணிய களிமண்ணாக மாறியது. கருநிறக் கனிமங்களில் இருந்த இரும்பு வெளியேறி, ஆக்சைடாகி, ஒவ்வொரு துகளின் மேலும் மெல்லிய பூச்சாக ஒட்டிக்கொண்டது. அந்தப் பூச்சு நீர் சேராத ஹேமடைட்டாக இருந்தால் மண் சிவக்கும். நீர் சேர்ந்த கோதைட்டாக இருந்தால் மஞ்சளாகத் தெரியும்.

இதனால்தான் ஒரே சரிவில் மேட்டில் சிவப்பும் கீழே பள்ளத்தை ஒட்டி மஞ்சளும் தென்படும். மேட்டில் தண்ணீர் நிற்காது, காற்றோட்டம் அதிகம். பள்ளத்தில் ஈரம் நின்று போகும். ஆக நிறம் சொல்வது வளத்தைப் பற்றி அல்ல, வடிகாலைப் பற்றி. நிலம் வாங்கும்போது இதை மனதில் வைத்துக்கொண்டு நடந்து பாருங்கள்.

இந்திய நிலப்பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இந்த மண்தான். தமிழ்நாட்டில் பாதிக்கும் மேல். தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம், நாமக்கல், திண்டுக்கல், புதுக்கோட்டை, திருவண்ணாமலை, வேலூர் மாவட்டங்களில் பரவலாகவும் கோவை, ஈரோடு பக்கம் கரிசலோடு மாறி மாறியும் கிடக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் செம்மண் இருபொறை மண் (மணலும் வண்டலும் களியும் கலந்த மண்) நீண்ட பட்டையாக ஓடுகிறது. மஞ்சள் மண்ணை அதிகம் பார்க்க வேண்டுமானால் ஒடிசா, சத்தீஸ்கர், கங்கைச் சமவெளியின் தென் விளிம்பு, மேகாலயாவின் காரோ, காசி, ஜெயின்டியா குன்றுகள் பக்கம் போக வேண்டும்.

செம்மண்ணின் களி பெரும்பாலும் கயோலினைட் வகை. கரிசலில் இருக்கும் மாண்ட்மொரில்லோனைட் போல இது ஈரத்தில் உப்பாது, காய்ந்தால் வெடிக்காது. சத்துகளைப் பிடித்து வைக்கும் ஆற்றலும் குறைவு. தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), மட்கு (மக்கிப்போன இலை தழை, சாணம்) மூன்றும் பொதுவாகப் பற்றாக்குறை. கார அமில நிலை தமிழ்நாட்டுச் சமவெளியில் பெரும்பாலும் நடுநிலையை ஒட்டியே இருக்கும். மழை மிகுந்த பகுதிகளிலும் மலைகளிலும் அமிலத் தன்மை ஏறும்.

இதற்கு நல்ல பக்கமும் உண்டு, அதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. கரிசலில் மழை பெய்தால் பல நாள் கால் வைக்க முடியாது. செம்மண்ணில் மறுநாளே ஏர் இறக்கலாம். சின்ன மழைக்கே விதைப்புப் பதம் வந்துவிடும். வேர் அழுகல் குறைவு. கடலையும் மரவள்ளியும் மஞ்சளும் மண் ஒட்டாமல் சுத்தமாக வெளியே வரும்.

முதல் படி: குழி வெட்டிப் பாருங்கள்

எந்தப் பயிர் என்று யோசிக்கும் முன் ஒரு மீட்டர் ஆழத்துக்குக் குழி வெட்டுங்கள். நிலம் மேடு பள்ளமாக இருந்தால் மேட்டில் ஒன்று, நடுவில் ஒன்று, தாழ்வில் ஒன்று. குழியின் ஒரு சுவரைக் கத்தியால் மேலிருந்து கீழே சுரண்டிச் சுத்தம் செய்துவிட்டுப் பாருங்கள். மேலே வெளிறிய, மணல் கலந்த ஒரு அடுக்கு. அதன் கீழே நிறம் ஏறிய, கையில் கொஞ்சம் ஒட்டும் களி அடுக்கு. அப்புறம் சரளை, சில இடங்களில் வெள்ளை வெள்ளையாகச் சுக்கான் கல் (சுண்ணாம்புக் கட்டி), கடைசியில் மக்கிய பாறை. நல்ல செம்மண்ணில் அந்த நடு அடுக்குதான் தண்ணீர்த் தொட்டி. அது தடிமனாக இருந்தால் நிலம் தேறும். மேல் மண் முடிந்ததும் நேரே சரளை தட்டினால், மேலே எவ்வளவு சிவப்பாக இருந்தாலும் பயனில்லை.

ஒரு சாணுக்குக் குறைவான மண் என்றால் சாமை, கொள்ளு, தீவனப்புல் தாண்டி ஆசைப்படாதீர்கள். இரண்டு அடி இருந்தால் கடலை, பயறு, கேழ்வரகு, காய்கறி எல்லாம் சரிவரும். மரப்பயிருக்கு ஒரு மீட்டராவது வேண்டும், அல்லது அடிப்பாறை வேர் நுழையும் அளவுக்கு மக்கியிருக்க வேண்டும். கடப்பாரையால் குத்தினால் பொலபொலவென்று உதிரும் பாறை பரவாயில்லை. 'டங்' என்று சத்தம் வந்தால் அங்கே மா, புளி வைக்க வேண்டாம்.

நயத்தைப் பார்க்க ஒரு கண்ணாடி பாட்டில் போதும். மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், நன்றாகக் குலுக்கி அசையாமல் வையுங்கள். மணல் ஒரு நிமிடத்துக்குள் அடியில் உட்கார்ந்துவிடும். வண்டல் சில மணி நேரத்தில் படியும். களி படிய ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். மூன்று அடுக்கின் உயரத்தையும் ஸ்கேல் வைத்து அளந்தால் உங்கள் மண்ணின் கலவை தெரிந்துவிடும். பாட்டிலில் முக்கால்வாசி மணலாகவே படிந்தால் பின்னால் வரும் மட்கு, வண்டல் வேலைகள் உங்களுக்குக் கட்டாயம்.

அப்படியே கொஞ்சம் உலர்ந்த மண்ணின் மேல் வினிகர் சில சொட்டு விடுங்கள். நுரைத்தால் மண்ணில் சுண்ணாம்பு இருக்கிறது. மண் ஆய்வு வரைபடங்களில் கொங்குப் பகுதியின் செம்மண்ணை 'இருகூர்' வகை, 'பாலத்துறை' வகை என்று ஊர்ப்பெயரால் பிரித்திருப்பார்கள். பார்வைக்கு இரண்டும் செம்மண்தான். இருகூர் வகையில் சுண்ணாம்பு இல்லை, பாலத்துறை வகையில் உண்டு. இந்த ஒரு வேறுபாடு உரத் திட்டத்தையே மாற்றிவிடும், அதைப் பிறகு பார்ப்போம்.

இரண்டாம் படி: மண் பரிசோதனை

மாதிரி எடுப்பதில் சோம்பல்பட்டால் ஆய்வகம் தரும் அறிக்கைக்கு மதிப்பே இல்லை. நிலத்தில் வளைந்து வளைந்து நடந்து 10 முதல் 15 இடங்களில், மேலே கிடக்கும் குப்பையை மட்டும் ஒதுக்கிவிட்டு, 'வி' வடிவில் 15 செ.மீ. ஆழம் வெட்டுங்கள். குழியின் பக்கச் சுவரிலிருந்து மேலிருந்து கீழாக ஒரே தடிமனில் சீவி எடுங்கள். எல்லாவற்றையும் ஒரு சாக்கில் கொட்டிக் கலந்து, நான்காகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளிவிட்டு மீண்டும் கலந்து, அரை கிலோ வரும்வரை இப்படியே குறைத்து, நிழலில் உலர்த்தித் துணிப்பையில் கட்டுங்கள். வரப்போரம், மர நிழல், எருக்குவியல் இருந்த இடம், கிணற்றோரம் வேண்டாம். உரம் போட்ட கையோடும் எடுக்கக் கூடாது. மரப்பயிர் வைப்பதாக இருந்தால் ஒரே குழியில் ஓரடி, இரண்டடி, மூன்றடி ஆழ மண்ணைத் தனித்தனியாக எடுக்க வேண்டும். சிவப்பும் மஞ்சளும் ஒரே வயலில் இருந்தால் இரண்டையும் கலக்காதீர்கள்.

2015-இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் 12 அளவுகள் வரும். செம்மண்காரர் முதலில் பார்க்க வேண்டியது அங்ககக் கரிமம், அதாவது மண்ணில் மட்கு எவ்வளவு என்று காட்டும் அளவு. 0.5 சதவீதத்துக்குக் கீழே என்றால் குறைவு, 0.75-க்கு மேல் என்றால் நல்லது. நம் மானாவாரிச் செம்மண்ணில் பெரும்பாலும் 'குறைவு' என்றுதான் அட்டை சொல்லும். அடுத்து மணிச்சத்து, அதன் பின் துத்தநாகம், போரான், கந்தகம். இரும்பு என்ற வரியைப் பார்த்து, "மண்ணே சிவப்பு, இரும்புக்கு என்ன குறை" என்று தாண்டிப் போகாதீர்கள். மண்ணைச் சிவப்பாக்கும் இரும்பு கரையாத வடிவில் இருக்கிறது. சுண்ணாம்பு உள்ள செம்மண்ணில் கடலையும் மரவள்ளியும் இரும்புச் சத்து இல்லாமல்தான் வெளுக்கும்.

கிணறு அல்லது போர் தண்ணீரையும் சேர்த்தே சோதியுங்கள். பாறைப் பகுதியின் ஆழ்துளைத் தண்ணீரில் சோடியமும் கார்பனேட்டும் அதிகமாக இருந்தால், அது பாயப் பாய நல்ல செம்மண்கூட இறுகிப்போகும். மண்ணுக்கு எவ்வளவு செலவு செய்தாலும் குற்றம் தண்ணீரில் இருந்தால் சரியாகாது.

மூன்றாம் படி: பொருக்கையும் கடினத் தட்டையும் உடைப்பது

செம்மண்ணில் விளைச்சல் பாதியாவதற்கு உரக் குறைவைவிட இதுதான் அதிகக் காரணம் என்பது என் கணிப்பு. மழைத்துளி விழும் வேகத்தில் மேல் மண் கட்டி உடைந்து, நுண்ணிய களியும் இரும்பு ஆக்சைடும் துவாரங்களை அடைத்துக்கொள்கின்றன. அடுத்து இரண்டு நாள் வெயில் அடித்தால் மேலே ஓடு போலப் பொருக்குத் தட்டிவிடும். விரலால் ஒரு துண்டைப் பெயர்த்துப் பாருங்கள். மேல் பக்கம் வழவழப்பு, அடிப்பக்கம் பொறபொறப்பு, இடையில் முட்டி வளைந்து வெளுத்துக் கிடக்கும் முளை. எள், கேழ்வரகு, கம்பு போன்ற சிறு விதைகள் இந்த ஓட்டைத் துளைத்து மேலே வராது. கடலை முட்டித் தூக்கும், அதுவும் பாதிதான்.

விதைத்து முளைப்பதற்குள் மழை பெய்து பொருக்குக் கட்டினால் உடனே ஒரு மெல்லிய தண்ணீர் விடுங்கள். தெளிப்பு நீர் இருந்தால் இன்னும் நல்லது. மானாவாரியில் அதற்கு வழியில்லை என்றால் முள்கொத்தை லேசாக இழுத்து மேலோட்டை மட்டும் கீறிவிடலாம். நிரந்தரத் தீர்வுக்கு, வேளாண் துறை பரிந்துரைப்பது ஏக்கருக்கு 800 கிலோ ஜிப்சம் அல்லது சுண்ணாம்புடன் 4 டன் தொழு உரம் இட்டு உழுவது. அமில மண்ணாக இருந்தால் சுண்ணாம்பு, இல்லையென்றால் ஜிப்சம். மண்ணை மூடி வைத்தால் பொருக்கே வராது என்பதையும் மறக்க வேண்டாம். கடலைத் தோலோ, தென்னை மட்டையோ, சோளத்தட்டையோ எது கிடைத்தாலும் சரி.

அடியில் இருக்கும் கடினத் தட்டு வேறு கதை. வருடக்கணக்கில் ஒரே ஆழத்தில் ரொட்டவேட்டர் ஓட்டினாலும் தட்டு உண்டாகும், களி இறங்கிப் படிந்து இயல்பாகவும் உண்டாகும். மழைக்குப் பின் ஓர் இரும்புக் கம்பியை மண்ணில் அழுத்துங்கள். வழுக்கிக்கொண்டு இறங்கும் கம்பி அரை அடி, முக்கால் அடியில் நின்றுவிட்டால் தட்டு இருக்கிறது என்று அர்த்தம். உளிக்கலப்பையை 50 செ.மீ. இடைவெளியில், 45 செ.மீ. ஆழத்துக்கு, நெடுக்கும் குறுக்குமாக ஓட்ட வேண்டும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை போதும். கூடவே ஏக்கருக்கு 5 டன் தொழு உரமோ மட்கிய தென்னைநார்க் கழிவோ போட வேண்டும், இல்லாவிட்டால் கீறிய வாய் அடுத்த வருடமே மூடிக்கொள்ளும். உளிக்கலப்பை ஓட்டுவது மண் காய்ந்திருக்கும்போது. ஈரத்தில் ஓட்டினால் தட்டு நொறுங்காது, வெறும் கோடு மட்டும்தான் விழும்.

சாதா உழவுக்குப் பதம் வேறு. ஒரு பிடி மண்ணை உருட்டி இடுப்பு உயரத்திலிருந்து போடுங்கள். பொலபொலவென்று உடைந்தால் உழலாம். சப்பென்று தட்டையாக ஒட்டினால் ஒரு நாள் பொறுங்கள். உருண்டையே பிடிக்க முடியவில்லை என்றால் பதம் போய்விட்டது.

சித்திரை மாதத்து உழவு பத்தரை மாற்றுத் தங்கம் என்று சொல்லி வைத்தது செம்மண்ணுக்கு அப்படியே பொருந்தும். சரிவுக்குக் குறுக்கே கோடை உழவு போட்டால் முதல் மழை ஓடாமல் உள்ளே இறங்கும். கடலையைத் தின்னும் சிவப்புக் கம்பளிப்புழுவின் கூட்டுப்புழுக்கள் மண்ணுக்குள்தான் உறங்கிக்கொண்டிருக்கும். உழவில் அவை மேலே வந்து, ஏருக்குப் பின்னால் நடக்கும் மைனாவுக்கும் கொக்குக்கும் இரையாகும்.

நான்காம் படி: பிடிமானம் கூட்டுவது

ஏக்கருக்கு 5 டன் தொழு உரம் என்பது எல்லாரும் சொல்லும் கணக்கு. மாடு குறைந்துவிட்ட காலத்தில் அத்தனைக்கு எங்கே போவது? என் யோசனை, இருப்பதை முழு நிலத்திலும் தூவாமல் ஒவ்வொரு வருடமும் ஒரு துண்டைத் தேர்ந்தெடுத்து முழு அளவு போடுங்கள். மற்ற துண்டுகளுக்குப் பசுந்தாள் உரம். செம்மண்ணுக்குச் சணப்பும் கொளுஞ்சியும் ஏற்றவை. தக்கைப்பூண்டு தண்ணீர் வசதி உள்ள இடத்துக்கு நல்லது. பூவெடுக்கும் தருணத்தில், சுமார் 45 நாளில், தண்டு முற்றும் முன் மடக்கி உழுதுவிட வேண்டும். மானாவாரியில் மண்ணில் ஈரம் இருக்கும்போதே மடக்காவிட்டால் அது மட்காமல் குச்சியாகக் கிடக்கும். ஆட்டுக்கிடை கிடைத்தால் விடாதீர்கள், புழுக்கையோடு மூத்திரமும் சேருவதால் பலன் உடனே தெரியும். ஆனால் கிடை பெயர்ந்த கையோடு மேலாக ஒரு உழவு ஓட்டி மண்ணோடு கலந்துவிட வேண்டும், இல்லையென்றால் தழைச்சத்து காற்றில் போய்விடும்.

மட்கு வெயிலில் கரைந்துபோகும், களி போகாது. அதனால் மணல் பாங்கான செம்மண்ணுக்கு நான் முதலிடம் கொடுப்பது ஏரி வண்டலுக்கு. ஏரி, குளங்களில் வண்டல் எடுத்துக்கொள்ளத் தமிழ்நாட்டில் விவசாயிகளுக்கு அனுமதி தரப்படுகிறது. தாலுகா அலுவலகத்தில் சிட்டா, அடங்கலோடு விண்ணப்பிக்க வேண்டும். குறைந்தது ஏக்கருக்கு 10 டன் அடித்தால்தான் பலன் தெரியும். கோடையில் கொட்டி, வெயிலில் கட்டி உதிர்ந்த பிறகு பரப்பி உழுங்கள். ஒரு எச்சரிக்கை. சில ஏரிகளில் வண்டலே உப்பாக இருக்கும், சாயக்கழிவோ சாக்கடையோ சேர்ந்திருக்கும். ஒரு கைப்பிடி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டு அப்புறம் டிராக்டர் பேசுங்கள்.

ஐந்தாம் படி: உரம்

தழைச்சத்தையும் சாம்பல்சத்தையும் (பொட்டாஷ்) ஒரே தடவையில் கொட்டினால் செம்மண் தாங்காது, பாதி வேருக்குக் கீழே போய்விடும். இரண்டு மூன்று தவணையாகப் பிரிப்பது கட்டாயம். சொட்டுநீர் இருந்தால் உரத்தையும் அதன் வழியே வாரம் ஒருமுறை கொடுங்கள்.

மணிச்சத்து இதற்கு நேர் எதிர். அது ஓடாது, ஆனால் இரும்பு, அலுமினியம் ஆக்சைடுகள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு பயிருக்குக் கொடுக்காது. மேலாகத் தூவினால் மண்ணுக்குப் போட்டதாகத்தான் கணக்கு. அடியுரமாக, விதைக்குக் கீழோ பக்கத்திலோ இரண்டு அங்குலம் தள்ளி, சாலில் விழும்படி போடுங்கள். அதைவிட நல்ல வழி ஊட்டமேற்றிய தொழு உரம். ஏக்கருக்கான சூப்பர் பாஸ்பேட்டை 300 கிலோ தூள் தொழு உரத்தோடு கலந்து, லேசாக ஈரப்படுத்தி, நிழலில் குவித்து மூடி ஒரு மாதம் வைத்திருந்து விதைப்பின்போது இடுவது. மணிச்சத்து மண்ணோடு ஒட்டாமல் எருவோடு சேர்ந்துகொள்ளும். மணிச்சத்தைக் கரைத்துத் தரும் பாஸ்போபாக்டீரியா, வேரோடு சேர்ந்து வாழ்ந்து சத்தை எடுத்துத் தரும் பூஞ்சையான வேர் உட்பூசணம் இரண்டும் இந்த மண்ணில் போட்ட காசுக்கு வேலை செய்பவை.

நுண்ணூட்டத்தில், ஆய்வு அறிக்கை குறைவு என்று சொன்னால் ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட், கடலைக்கு 4 கிலோ போராக்ஸ். துத்தநாக சல்பேட்டைச் சூப்பர் பாஸ்பேட்டோடு கலந்து போடாதீர்கள், மணலில் கலந்து தனியாகத் தூவுங்கள். இளம் இலை நரம்பு மட்டும் பச்சையாக இருந்து மற்றது வெளுத்தால் இரும்புப் பற்றாக்குறை. 10 லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் இரும்பு சல்பேட் கலந்து, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு பிழிந்து, மாலையில் தெளியுங்கள். வினிகரில் நுரைத்த நிலம் என்றால் இது வருடா வருடம் வரும் வேலை.

ஆறாம் படி: தண்ணீர்

செம்மண் நிலம் வேர் ஆழத்தில் பிடித்து வைக்கும் தண்ணீர், கரிசல் பிடிப்பதில் ஏறத்தாழ பாதிதான். அதனால் வாய்க்கால் நிறைய விட்டு வாரக்கணக்கில் விட்டுவிடும் பழக்கம் இங்கே ஒத்துவராது. குறைவாக, அடிக்கடி. சொட்டுநீர் போட்டால் கண்கூடாக மாற்றம் தெரியும். தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75 சதவீதம் மானியம் இருக்கிறது. மணல் அதிகமான செம்மண்ணில் சொட்டுவான் இடைவெளியை நெருக்கமாகக் கேளுங்கள். அங்கே தண்ணீர் பக்கவாட்டில் பரவாது, நேராகக் கீழே இறங்கிவிடும்.

பண்ணைக்குட்டை வெட்டுவோர் ஒன்றைக் கணக்கில் எடுக்க வேண்டும். பொருக்கு காரணமாகச் செம்மண்ணில் மழைநீர் நன்றாக வழிந்து குட்டைக்கு வரும், வந்தது அடியில் கசிந்தும் போகும். பக்கத்தில் கிணறு இருந்தால் கசிவு லாபம்தான், அப்படியே விடலாம். குட்டைத் தண்ணீரையே இறைத்துப் பாய்ச்ச நினைத்தால் தார்ப்பாய் விரிப்போ களி பூச்சோ வேண்டும். சரிவு நிலங்களில் சம உயர வரப்பும் அதன் ஓரம் வெட்டிவேர் வரிசையும், ஓடும் மேல் மண்ணைப் பிடித்து நிறுத்தும். மேல் மண் போன செம்மண் நிலத்தைத் திரும்ப உருவாக்குவது நம் ஆயுளுக்குள் நடக்கிற காரியம் இல்லை.

ஏழாம் படி: பயிர்

கேழ்வரகு, சாமை, கம்பு, சோளம், துவரை, உளுந்து, கொள்ளு, ஆமணக்கு, எள் என்று மானாவாரிப் பட்டியல் நீளம். இறவையில் மஞ்சள், மரவள்ளி, சின்ன வெங்காயம், தக்காளி, மல்லிகை, முருங்கை. ஒவ்வொன்றையும் விவரித்தால் முடியாது. செம்மண்ணின் தலைமகளான நிலக்கடலையை மட்டும் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம்.

பூ மேலே பூத்து, கருவுற்ற பின் விழுது மண்ணுக்குள் இறங்கிக் காய்க்கிற பயிர் இது. மண் இளக்கமாக இருந்தால்தான் விழுது நுழையும். காய்க்குத் தேவையான சுண்ணாம்புச் சத்தை வேர் அனுப்பாது, காயே தன்னைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும். இந்த இரண்டையும் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. ஆடிப்பட்டம் தேடி விதைக்கும்போது விதைக்கு ஒரு கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா (வேர் அழுகலைத் தடுக்கும் நன்மை செய்யும் பூஞ்சை) கலந்து, அடுத்து ரைசோபியம் (காற்றின் தழைச்சத்தைப் பிடித்துத் தரும் நுண்ணுயிர்) நேர்த்தி செய்து, 30-க்கு 10 செ.மீ. இடைவெளியில் போடுங்கள். ஆறு வரிசை கடலைக்கு ஒரு வரிசை துவரை வைத்தால், கடலை ஏமாற்றும் வருடத்தில் துவரை கை கொடுக்கும். 40 முதல் 45 நாளில், ஈரம் இருக்கும்போது, செடியின் ஓரமாக ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போட்டு மண் அணைக்க வேண்டும். அதற்குப் பிறகு களைக்கொத்து எடுத்துக்கொண்டு வயலுக்குள் போகக் கூடாது. இறங்கிய விழுது அறுந்தால் அந்தக் காய் போச்சு.

சுண்ணாம்பு இருக்கும் செம்மண்ணில் ஜிப்சம் எதற்கு என்று கேட்பார்கள். அங்கே அதில் உள்ள கந்தகத்துக்காகப் போடுகிறோம், எண்ணெய்ச் சத்துக்கு அது தேவை. இதே காரணத்தால் கடலைக்கு டி.ஏ.பி.யைவிடச் சூப்பர் பாஸ்பேட்டே என் தேர்வு. மணிச்சத்தோடு சுண்ணாம்பும் கந்தகமும் சேர்ந்தே வந்துவிடும். பருப்பை உடைத்தால் நடுவில் குழி விழுந்து பழுப்பாக இருந்தால் போரான் போடவில்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

அறுவடையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். காய்ந்து இறுகிய செம்மண்ணில் செடியைப் பிடுங்கினால் காம்பு அறுந்து காய் மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும். மழை வராவிட்டால் ஒரு தண்ணீர் விட்டுப் பதம் பார்த்துப் பிடுங்குங்கள்.

தொடர்ந்து கடலையே போடாதீர்கள். அடுத்த பருவம் கம்போ கேழ்வரகோ போட்டால் வேர் அழுகலும் நூற்புழுவும் குறையும். மணல் கலந்த செம்மண் வேர்முடிச்சு நூற்புழுவுக்கு மிகவும் பிடித்த இடம். தக்காளி, கத்தரி போடுவோர் வேப்பம் பிண்ணாக்கு இடுவதையும் ஓரத்தில் செண்டுமல்லி வைப்பதையும் வழக்கமாக்கிக்கொள்ளலாம்.

மரங்களில் கிருஷ்ணகிரி மா, பண்ருட்டி பலா, விருத்தாசலம் பக்கத்து முந்திரி எல்லாம் இந்த வகை மண்ணில் வளர்ந்து பேர் வாங்கியவைதான். மாவுக்கு ஒரு மீட்டர் நீள, அகல, ஆழக் குழி. முந்திரிக்கு அதில் பாதி போதும். கோடையிலேயே வெட்டி ஆறப்போட்டு, மேல் மண்ணைத் தனியே வைத்திருந்து அதையும் தொழு உரத்தையும் கலந்து நிரப்புங்கள். குழியிலிருந்து வந்த சரளையைக் குழிக்குள் திருப்பிப் போடாமல் வெளியே அரைவட்ட வரப்பாகக் கட்டினால் மழைநீர் மரத்தடியில் தேங்கும்.

மஞ்சள் மண்ணுக்குத் தனிக் கவனம்

மேலே சொன்ன பெரும்பாலானவை மஞ்சள் மண்ணுக்கும் சரிதான். வேறுபடுவது வடிகாலிலும் அமிலத்திலும். குழியில் மஞ்சளுக்கு நடுவே சாம்பல், துருப் புள்ளிகள் தெரிந்தால், அந்த ஆழத்தில் வருடத்தில் சில மாதம் தண்ணீர் நிற்கிறது. அங்கே மரம் வைக்க வேண்டாம். நெல்லுக்கு விடலாம், அல்லது மேட்டுப்பாத்தி போட்டுக் காய்கறி.

சத்தீஸ்கர் விவசாயிகள் இதை நன்றாகவே பிரித்து வைத்திருக்கிறார்கள். மேட்டில் இருக்கும் சரளை மண்ணுக்கு பாட்டா, அடுத்த மஞ்சள் மண்ணுக்கு மாட்டாசி, அதற்கும் கீழே கொஞ்சம் கனமான டோர்சா, அடியில் கருப்பான கன்ஹார். மாட்டாசியில் வரப்பு கட்டி மழைநீரைத் தேக்கி நெல் போடுகிறார்கள். டோர்சா, கன்ஹார் அளவுக்கு ஈரம் நிற்காது என்பதால் குறுகிய வயது ரகங்கள்தான். விதையைத் தூவி, ஒரு மாதம் கழித்துத் தண்ணீர் தேங்கியதும் நிற்கும் பயிருக்குள்ளேயே லேசாக ஏர் ஓட்டும் 'பியாசி' முறை அங்கே வழக்கம். களை மடங்கும், நெருக்கம் குறையும், சேறு படிந்து தண்ணீர் இறங்குவதும் மட்டுப்படும்.

ஒடிசாவிலும் மேகாலயக் குன்றுகளிலும் அமிலம்தான் முதல் பிரச்சினை. கார அமில நிலை (pH) 5.5-க்குக் கீழே போனால் மண்ணில் அலுமினியம் கரைந்து வேர் நுனியைக் கருக்கும். போட்ட மணிச்சத்தும் கட்டிப்போகும். சுண்ணாம்போ டோலமைட்டோ ஆய்வகம் சொல்லும் அளவுக்கு, விதைப்புக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே, மண்ணில் ஈரம் இருக்கும்போது போட்டு உழ வேண்டும். ஒடிசாவில் காகித ஆலைக் கழிவுச் சுண்ணாம்பையும் இதற்குப் பயன்படுத்துகிறார்கள். மொத்த அளவையும் வாங்க முடியாத சிறு விவசாயி, தேவையில் பத்தில் ஒரு பங்கை மட்டும் ஒவ்வொரு வருடமும் விதைச் சாலில் இட்டு மண்ணோடு கலந்துவிட்டு விதைக்கலாம். வேர் ஓடும் இடம் மட்டுமாவது சரியாகும். அளவை மீற வேண்டாம். தேவைக்கு மேல் சுண்ணாம்பு விழுந்தால் துத்தநாகமும் போரானும் கட்டுண்டுபோய் வேறொரு பற்றாக்குறை தலைதூக்கும். யூரியாவையும் சுண்ணாம்பையும் ஒரே நாளில் போடக் கூடாது, தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துவிடும்.